‘பிக் அப்’: எடுப்பதா, பொறுக்குவதா, பிடிப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்போக்கன் இங்கிலீஷ் படிப்பவர்கள், வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதும் நர்ஸுகள், கன்னியாகுமரிக்கு வரும் பயணிகளை ஏற்றியிறக்கும் டாக்ஸிக்காரர்கள் என்று பலரும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் சொல் ‘பிக் அப்’. ‘பிக்’ என்ற வினையோடு ‘அப்’ என்ற சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தருகிறது. இந்த வகைக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்று பெயர். ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்த பெயர் அது. 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித் அதை அச்சில் கொண்டுவந்தார்.

‘பிக் அப்’புக்கு மொத்தம் எத்தனை பொருள்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

அகராதிக்கு அகராதி எண்ணிக்கை மாறும். பத்துக்குக் குறையாது. ஆனால் மனப்பாடம் தேவையில்லை. தமிழில் ‘எடு’ என்ற சொல்லைப் பாருங்கள். போனை எடு, டிக்கெட் எடு, லீவு எடு, பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறான், வண்டி வேகம் எடுக்கிறது. இதை யாரும் பட்டியல் போட்டுப் படித்ததில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லே எந்த ‘எடு’ என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

‘பிக் அப்’பும் அப்படித்தான். வாக்கியத்தைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள்: பிக் அப் செய்வது யார்? எதைச் செய்கிறார்கள்? ‘எதை’ என்பது பையாக இருந்தால் தூக்குவது, ஆளாக இருந்தால் கூட்டி வருவது, மொழியாக இருந்தால் கற்றுக்கொள்வது, சளியாக இருந்தால் தொற்றிக்கொள்வது. ‘எதை’ என்ற இடமே காலியாக இருந்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்று மந்தமாகக் கிடந்து மேலே வருகிறது என்று பொருள். காற்று, வியாபாரம், வேகம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். போனை எடுப்பது மட்டும் விதிவிலக்கு. அது கீழே தனியாக வருகிறது.

வெறும் ‘பிக்’, ‘பிக் அப்’ இரண்டும் ஒன்றுதானே?

இங்கேதான் நிறையப் பேருக்குச் சறுக்குகிறது. ‘பிக்’ என்றால் பறிப்பது, அல்லது பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ‘பிக் அப்’ என்றால் கீழே கிடப்பதைக் கையில் எடுப்பது. நம் ஊர்ப் பேச்சில் பெறக்குவது.

தோவாளைப் பக்கம் விடியுமுன் செடியிலிருந்து பிச்சி மொட்டைக் கிள்ளுவது “பிக்கிங் ஃப்ளவர்ஸ்”. சந்தையில் கூடையிலிருந்து சிதறிய பூவைக் குனிந்து அள்ளுவது “பிக்கிங் அப் த ஃப்ளவர்ஸ்”. மாறாமலையில் கிராம்பு மொட்டு விரிவதற்கு முன் கொத்தாகப் பறிப்பது ‘பிக்’. மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதை எடுப்பது ‘பிக் அப்’. தென்னையில் ஏறித் தேங்காய் வெட்டுவதற்கு இரண்டுமே அவ்வளவு பொருந்தாது. ‘ஹார்வெஸ்ட்’ அல்லது ‘கட் டவுன்’ என்பார்கள். ராத்திரி காற்றில் விழுந்த தேங்காயைக் காலையில் எடுத்து வந்தால் “ஐ பிக்ட் அப் த ஃபாலன் கோகனட்ஸ்”.

ரப்பர் பால் விஷயத்தில் ‘பிக் அப்’ வராது. சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் ஊற்றிச் சேர்ப்பதற்கு ‘கலெக்ட்’ மட்டும்தான். திரவத்தைக் குனிந்து பொறுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

விருந்தாளியை ஸ்டேஷனிலிருந்து கூட்டி வருவதை எப்படிச் சொல்வது?

“ஐ வில் பிக் யூ அப் ஃப்ரம் த ஸ்டேஷன்.” ‘ஃப்ரம்’ போடலாம், ‘அட்’ போடலாம். ‘டு’ போடக் கூடாது. “ஐ வில் பிக் யூ அப் டு மை ஹவுஸ்” என்பது ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்’ என்பதை அப்படியே மாற்றியதால் வரும் பிழை. அந்த இடத்தில் “ஐ வில் பிக் யூ அப் அண்ட் டேக் யூ ஹோம்” என்று இரண்டு வினையாகப் பிரிக்க வேண்டும். இடத்தை முழுப் பெயரோடு சொல்வதும் நல்லது. நாகர்கோவில் ஜங்ஷன், நாகர்கோவில் டவுன் என்று இரண்டு ஸ்டேஷன் இருக்கிறது. வெளியூர்க்காரரிடம் வெறுமனே ‘நாகர்கோவில் ஸ்டேஷன்’ என்றால் அவர் ஒன்றில் நிற்பார், வண்டி இன்னொன்றில் நிற்கும்.

மாற்றுச் சொற்களில் சிறு வேறுபாடு உண்டு. ‘கலெக்ட்’ பிரிட்டனில் அதிகம் கேட்கும், கொஞ்சம் மரியாதையானது. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டி வருவதற்கு அங்கே “கலெக்ட் த சில்ட்ரன்” என்பார்கள். ‘ஃபெட்ச்’ என்றால் இங்கிருந்து போய், எடுத்துக்கொண்டு, இங்கேயே திரும்புவது. ‘மீட்’ என்றால் வரவேற்க நிற்பது மட்டும். வண்டி கொண்டு வருவதாக அதில் வாக்கு இல்லை. ‘ரிசீவ்’ என்று நாம் சொல்வது இந்திய ஆங்கிலம். புரியும், ஆனால் வெளிநாட்டவர் காதுக்கு அரசு விழாவில் மாலை போடுவதுபோல் இருக்கும்.

இறக்கிவிடுவது ‘டிராப் ஆஃப்’. “ஐ வில் டிராப் யூ” என்றால் நமக்குள் புரிந்துவிடும். இந்த ‘ஆஃப்’ இல்லாமல் சொன்னால் சில வெளிநாட்டுப் பயணிகள் சிரிக்கலாம், ஏனென்றால் ‘டிராப்’ என்பதற்குக் கீழே போடுவது என்றும் பொருள்.

“பிக் அப் இட்” ஏன் தப்பு?

பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடத்திலும் வரும்: “பிக் அப் த பேக்”, “பிக் த பேக் அப்”. இட், ஹிம், ஹெர், மீ, யூ, தெம் போன்ற குட்டிச் சொற்கள் என்றால் நடுவில் மட்டும்தான்: “பிக் இட் அப்”, “பிக் மீ அப்”. “பிக் அப் மீ” என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி எல்லோருக்கும் புரியும். தேர்வில் மட்டும் மதிப்பெண் போகும்.

இன்னொரு பக்கம், நடுவில் நீளமாக எதையும் செருகாதீர்கள். “பிக் த பேக் தட் ஃபெல் அண்டர் த பேக் சீட் அப்” என்றால் ‘அப்’ வந்து சேர்வதற்குள் கேட்பவர் மறந்துவிடுவார். பொருள் நீளமாக இருந்தால் “பிக் அப்” என்று முதலிலேயே முடித்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள்.

“ஹீ இஸ் நாட் பிக்கிங் மை கால்” சரியா?

இந்தியாவில் எல்லோரும் சொல்வது. வெளியே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். “ஹீ இஸ் நாட் பிக்கிங் அப்” என்றால் போதும். போனை என்று சொல்லவே வேண்டாம், ‘எடுக்கல’ என்று தமிழில் விடுவதுபோல விட்டுவிடலாம். ‘ஆன்சர்’ இன்னும் பாதுகாப்பானது: “ஹீ இஸ் நாட் ஆன்சரிங் மை கால்ஸ்.” ‘அட்டெண்ட் த கால்’ நம் ஆபீஸ்களில் நடமாடும் வழக்கு. கூட்டத்துக்குப் போவதுதான் ஆங்கிலத்தில் ‘அட்டெண்ட்’.

படிக்காமலே மலையாளம் வந்துவிட்டது என்பதை எப்படிச் சொல்வது?

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கத்தில் வளர்ந்தவருக்கு இந்தச் சொல் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். “ஐ பிக்ட் அப் மலையாளம் ஃப்ரம் மை நெய்பர்ஸ்.” வாத்தியார் இல்லை, புத்தகம் இல்லை, காதில் விழுந்து வந்தது என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பாடம் எடுத்துப் படித்ததற்கு இது வராது. “ஐ பிக்ட் அப் பி.எஸ்ஸி. நர்சிங்” என்றால் போகிற போக்கில் நர்சிங் கற்றுக்கொண்டதாக ஆகிவிடும், நேர்காணலில் ஆபத்து. அங்கே ‘ஸ்டடி’, ‘கம்ப்ளீட்’. முறையாகவும் இல்லாமல் வெறுமனேயும் இல்லாமல் திறமை சேர்ந்ததைச் சொல்ல ‘அக்வையர்’ நல்ல எழுத்துச் சொல்.

பழக்கம், பேச்சுத் தொனி, தொழில் நுணுக்கம், கெட்ட வார்த்தை எல்லாம் இதே பொருளில் வரும். ‘அவன் சட்டுனு பிக்கப் பண்ணிக்குவான்’ என்று தமிழில் சொல்வது இங்கே நேராகவே ஆங்கிலத்துக்குப் போகிறது: “ஹீ பிக்ஸ் திங்ஸ் அப் குயிக்லி.”

எந்த நோய்க்கு ‘பிக் அப்’ வரும்? எதற்கு வராது?

வெளியிலிருந்து உடம்புக்குள் வந்தால் வரும். சளி, வயிற்றுப்போக்குக் கிருமி, டெங்கு, எலிக்காய்ச்சல் எல்லாம் சரி. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புற்றுநோய் ஆகியவற்றுக்குச் சொன்னால் பெரிய பிழை; அவற்றுக்கு ‘டெவலப்’. வெறும் காய்ச்சலும் அப்படித்தான். காய்ச்சல் ஓர் அறிகுறி, அது உடம்புக்குள்ளே கிளம்புவது. ஆகவே “ஷீ டெவலப்ட் எ ஃபீவர்”. “ஷீ பிக்ட் எ ஃபீவர்” என்றால் காய்ச்சலைத் தேர்ந்தெடுத்தாள் என்று ஆகும்.

‘பிக் அப்’ பேச்சுக்கு, நோயாளியிடம் பேசுவதற்கு. “யூ மே ஹேவ் பிக்ட் அப் எ பக்” என்று படுக்கையருகே ஆறுதலாகச் சொல்லலாம். டாக்டருக்கு எழுதும் கடிதத்தில் ‘கான்ட்ராக்ட்’ அல்லது ‘அக்வையர்’. ஆஸ்பத்திரியில் வந்த தொற்றுக்கு “ஹாஸ்பிட்டல்-அக்வையர்ட் இன்ஃபெக்‌ஷன்” என்பது நிலைத்த தொடர். அதில் ‘பிக்ட் அப்’ போட்டு எழுதுவதில்லை.

ஓஇடி கடிதத்தில் ஃப்ரேசல் வெர்ப் எழுதினால் மதிப்பெண் போகுமா?

ஒரு சொல்லுக்காகப் போகாது. ஆனால் எழுத்துப் பகுதியை மதிப்பிடும் ஆறு அளவுகோல்களில் ஒன்று கடிதத்தின் வகையும் நடையும். பேச்சுச் சொல் குவிந்தால் அங்கே இடிக்கும். மொத்தம் 45 நிமிடம், அதில் முதல் 5 நிமிடம் குறிப்புகளைப் படிக்க மட்டும். கடிதத்தின் உடல் சுமார் 180 முதல் 200 சொல். ஒவ்வொரு சொல்லும் வேலை செய்ய வேண்டிய அளவுதான் அது. பிரிட்டன் நர்ஸ் பதிவுக்குக் கேட்பது, பேச்சு, கேட்டல், வாசிப்பு மூன்றிலும் 500-க்கு 350, எழுத்தில் 300.

கடிதம் எழுதி முடித்ததும் கடைசி மூன்று நிமிடத்தில் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ மட்டும் தேடுங்கள். “த இன்ஃபெக்‌ஷன் வாஸ் பிக்ட் அப் ஆன் டே டூ” என்று இருந்தால் ‘டிடெக்டட்’. இந்த வாக்கியத்தில் இன்னொரு குழியும் உண்டு: தொற்று இரண்டாம் நாள் கண்டுபிடிக்கப்பட்டதா, இரண்டாம் நாள் தொற்றியதா? இரண்டுமே ‘பிக்ட் அப்’. மருத்துவக் கடிதத்தில் இந்த இரட்டைப் பொருள் இருக்கவே கூடாது. “ஹர் அப்பட்டைட் இஸ் பிக்கிங் அப்” என்றால் ‘இம்ப்ரூவிங்’. “பிளேட்லெட் கவுண்ட் பிக்ட் அப்” என்றால் ‘ரோஸ்’ அல்லது ‘இன்கிரீஸ்ட்’, கூடவே எண்ணும்.

பேச்சுத் தேர்வில் நிலைமை தலைகீழ். நோயாளியாக நடிப்பவரிடம் “யூ கேன் பிக் அப் யுவர் மெடிசின்ஸ் ஃப்ரம் த ஃபார்மசி” என்றால் இயல்பாக இருக்கும். வேலைக்குப் போன பிறகு “கேன் யூ பிக் அப் எ ஷிஃப்ட்?” என்று கேட்டால் கூடுதலாக ஒரு ஷிஃப்ட் பார்ப்பீர்களா என்று அர்த்தம், எதையும் எங்கிருந்தும் தூக்கி வரச் சொல்லவில்லை.

காற்றும் விலையும் எப்படி ‘பிக் அப்’ ஆகும்?

இங்கே ‘எதை’ என்ற கேள்விக்கே இடமில்லை, தானாக நடப்பது. தென்மேற்குப் பருவம் நெருங்கும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிடிப்பதை “த விண்ட் இஸ் பிக்கிங் அப்” என்பார்கள். முப்பந்தல் காற்றாலைகள் வேகமாகச் சுற்றத் தொடங்கும் காலம் அது. காற்று அடங்குவது ‘டை டவுன்’.

விலை, வியாபாரத்துக்குச் சொல்லும்போது ஒரு நுணுக்கம். ‘பிக் அப்’ என்றால் மந்தமாக இருந்தது மறுபடி எழும்புகிறது. ஓணத்துக்கு முன்பு தோவாளையில் மந்தமாகக் கிடந்த பூ விலை ஏறினால் “பிரைசஸ் ஹேவ் பிக்ட் அப்” சரி. ஏற்கெனவே உச்சத்தில் இருந்த விலை ஒரே நாளில் இரட்டிப்பானால் அது ‘ஷூட் அப்’. மேற்குக் கடற்கரைத் தடைக்காலம் ஜூலை 31-ல் முடிந்து குளச்சலில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதும் மீன் வியாபாரம் சூடுபிடிப்பதை “டிரேட் ஹேஸ் பிக்ட் அப் சின்ஸ் த பேன் எண்டட்” என்று எழுதலாம். வங்கிக் கடிதம், திட்ட அறிக்கை என்றால் ‘ரெக்கவர்’, ‘இம்ப்ரூவ்’.

செய்தியில் “ஃபிஷர்மென் பிக்ட் அப்” என்று வந்தால் நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?

யார் செய்தது என்று பாருங்கள். படகு பழுதாகி மிதந்தவர்களைக் கடலோரக் காவல்படையோ வழியில் போன சரக்குக் கப்பலோ ‘பிக் அப்’ செய்தால் காப்பாற்றப்பட்டார்கள். வெளிநாட்டுக் கடற்படை ‘பிக் அப்’ செய்தால் பிடித்துக்கொண்டு போனார்கள். தலைப்பு மட்டும் படித்துவிட்டு வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடாதீர்கள். நல்ல நிருபர் ‘ரெஸ்க்யூட்’ அல்லது ‘டிடெய்ண்ட்’ என்று பிரித்தே எழுதுவார்.

போலீஸ் ‘பிக் அப்’ செய்தது என்றால் விசாரணைக்குக் கூட்டிப் போனது. ‘அரெஸ்ட்’ சட்டச் சொல். இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு மொழிபெயர்க்கக் கூடாது.

கருவிகளுக்கு?

சிக்னலைப் பிடிப்பது. ரேடியோ நாகர்கோவில் வானொலியைப் பிடிக்கிறது, படகிலுள்ள மீன் காட்டும் கருவி அடியில் மீன் கூட்டத்தைக் காட்டுகிறது. இரண்டும் ‘பிக் அப்’. எழுத்தில் ‘ரிசீவ்’ அல்லது ‘டிடெக்ட்’. கிட்டாரில் கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பாகத்துக்கும் ‘பிக்கப்’ என்றே பெயர்.

இதில் சொல்லக் கூடாத பொருள் ஏதாவது உண்டா?

உண்டு. முன்பின் தெரியாத ஒருவரைப் பேசி மயக்கி அழைத்துப் போவதும் ‘பிக் அப்’. டாக்ஸி ஓட்டுநர் “ஐ பிக்ட் அப் எ கேர்ள் அட் வடசேரி பஸ் ஸ்டாண்ட்” என்று அப்பாவியாகச் சொன்னால் பின்சீட்டில் இருப்பவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். “எ பாசஞ்சர்” என்றால் சிக்கலில்லை. “மை டாட்டர்”, “மை சிஸ்டர்” என்றாலும் சிக்கலில்லை. ‘எ கேர்ள்’, ‘எ வுமன்’ என்று பெயரில்லாமல் வரும்போதுதான் இந்த வாடை அடிக்கும்.

‘வண்டிக்குப் பிக்கப் இல்ல’ என்பது ஆங்கிலமா?

ஆங்கிலம்தான், பெயர்ச்சொல். முறுக்கினால் வேகம் எடுக்கும் திறன். அமெரிக்கர்களும் இப்படிச் சொல்வார்கள். மற்ற இடங்களில் ‘ஆக்சலரேஷன்’ என்றால் எல்லோருக்கும் புரியும். பின்னால் திறந்த தொட்டி உள்ள சரக்கு வண்டியும் ‘பிக்கப்’.

பெயர்ச்சொல்லை ஒரே சொல்லாகவோ நடுவில் சிறு கோடு போட்டோ எழுதுவார்கள். வினையை எப்போதும் இரண்டு சொல்லாக. கடை வாசலில் ‘பிக்கப் பாயிண்ட்’ என்று சேர்த்து எழுதலாம். ‘ப்ளீஸ் பிக் அப் யுவர் ஆர்டர்’ என்பதைச் சேர்த்து எழுதக் கூடாது. உச்சரிப்பும் பிரியும். பெயர்ச்சொல்லில் அழுத்தம் ‘பிக்’ மேல், வினையில் ‘அப்’ மேல். ‘பிக்கு அப்பு’ என்று உகரம் சேர்ப்பதை விட்டுவிடுங்கள். இறந்த காலம் ‘பிக்கெட்’ இல்லை, ‘பிக்ட்’; வேகமாகச் சொன்னால் ‘பிக்டப்’ என்று ஒரே மூச்சில் வரும்.

கூட இன்னொரு சொல் சேர்ந்து வந்தால்?

‘பிக் அப் ஆன்’ என்றால் ஒருவர் வெளிப்படையாகச் சொல்லாததைக் கவனித்துவிடுவது. இதில் ‘இட்’ கடைசியில் வரும்: “ஐ பிக்ட் அப் ஆன் இட்.” ‘பிக் அப் ஆஃப்டர்’ என்றால் ஒருவர் இறைத்துப் போட்டதைப் பின்னாலேயே அடுக்கிக்கொண்டு போவது, பிள்ளைகள் உள்ள வீட்டில் விளக்கம் தேவையில்லை. ‘பிக் அப் த பில்’ செலவை ஏற்றுக்கொள்வது. விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு “லெட்ஸ் பிக் அப் வேர் வீ லெஃப்ட் ஆஃப்.”

புரிந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள். பொருளுக்குப் பொருள் எதிர்ச்சொல் மாறும். பையை ‘பிக் அப்’ செய்தால் எதிர் ‘புட் டவுன்’, ஆளை என்றால் ‘டிராப் ஆஃப்’, போனை என்றால் ‘ஹேங் அப்’, வேகம் என்றால் ‘ஸ்லோ டவுன்’. இப்போது இந்த நான்கு வாக்கியத்துக்கும் ஒற்றைச் சொல் மாற்றுப் போடுங்கள்.

“ஷீ பிக்ட் அப் தமிழ் இன் சிக்ஸ் மந்த்ஸ்.” “த சர்வே பிக்ட் அப் எ க்ராக் இன் த வால்.” “ஐ பிக்ட் அப் திஸ் சாரி ஃபார் 500 ருபீஸ்.” “சேல்ஸ் பிக்ட் அப் ஆஃப்டர் த ரெய்ன்ஸ்.”

விடை வரிசையாக: லேர்ண்ட், டிடெக்டட், பாட் (வாங்கினேன்), இம்ப்ரூவ்ட். மூன்றாவதில் ‘பாட்’ எழுதினால் இலக்கணம் சரி, ஆனால் தேடிப் போகாமல் மலிவாகக் கிடைத்தது என்ற சின்னச் சந்தோஷம் போய்விடும். பேச்சில் அங்கே ‘பிக்ட் அப்’பையே விட்டுவைக்கலாம்.